இரண்டும் நிலைக்குமா, நர்சம்மா?

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே? அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய். குட்டிக்குக் காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாய். "நிறையப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தலைவர்களே மேடையில் பேசுகிறார்கள். அத்தையும் இன்னொன்று பெற்றுக்கொள் என்கிறார். இரண்டோடு நிறுத்துங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நீ. அது தப்பாகப் போய்விட்டதா அம்மா?" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. நான்கு நாளாக அதே நினைப்பு. எழுதினால்தான் கோவையாகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1984-ல் துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரும்புச்சத்து மாத்திரை, ஆணுறை, தம்பதியர் பதிவேடு. முதல் மாதமே ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பெற்றது நான்கு, இருப்பது இரண்டு. சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, முறத்திலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டாள்: "இந்த இரண்டும் நிலைக்கும் என்று எழுதிக் கொடுப்பாயா, நர்சம்மா?"

என்னிடம் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த பத்து வருடம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. 1985-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்று வந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் நடந்தேன். 1982-ல் தொடங்கிய சத்துணவு அதற்குள் எங்கள் ஊரில் வேரூன்றியிருந்தது. காமராசர் 1956-ல் போட்ட மதிய உணவுப் பாதையை எம்.ஜி.ஆர். அகலப்படுத்தினார், பிறகு கருணாநிதி முட்டை சேர்த்தார். ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை. நம் மாநிலத்தைப் பற்றி நான் மிகவும் பெருமைப்படுவது இதற்காகத்தான். 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்தொகை வந்தது. 1990-ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 60 முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போயின. 2020-ல் அது 13. நிலக்கடலை உரித்தவளின் தங்கை, தன் இரண்டு பிள்ளைகளும் ஓடி விளையாடுவதைப் பார்த்த பிறகு, யாரும் கூப்பிடாமல் அவளாகவே என்னைத் தேடி வந்தாள்.

குழந்தை சாகாது என்ற நம்பிக்கை வந்தது. அதன் பின்னால்தான் சின்னக் குடும்பம் வந்தது. நான் பேசியதால் மட்டும் வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் நியாயப்படுத்த மாட்டேன். மாதக் கடைசி வந்தால் இத்தனை கருத்தடை ஆபரேஷன் என்று இலக்கு. எண்ணிக்கை குறைந்ததற்கு ஒரு மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்துத் திட்டினார். வீட்டுக்கு வந்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். இலக்கு முறையை 1996-ல்தான் எடுத்தார்கள். பாரம் முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, இன்றும் பார்ப்பதில்லை. இரண்டில் ஒன்று ஆணாக இருந்தே ஆக வேண்டும் என்ற வெறி இன்னொரு பக்கம். பிறந்தது பெண் என்று தெரிந்ததும் பால் கொடுக்க மறுத்த ஒரு வீட்டுத் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். 1992-ல் சேலத்தில், வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது இப்படிப்பட்ட வீடுகளால்தான். அந்த இரவை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்று ஒரு பின்னலாடை ஆலையில் மேற்பார்வையாளர். இந்தியா முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நம் மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு பெண் இருபது வயதுக்குள் மூன்று பெற்றிருந்தால் இது நடந்திருக்குமா? நீ படிக்கப் போயிருப்பாயா?

நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. தலைவர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. மக்கள்தொகைதான் மக்களவை இடங்களுக்கு அளவுகோல். 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு நம் இடங்கள் 41-லிருந்து 39 ஆனதை ஏற்கெனவே பட்டிருக்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976-ல் இடங்களின் பங்கை 1971-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே நிறுத்தி வைத்தார்கள். பிறகு அரசியல் சட்டத்தின் 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. சொன்ன வேலையைச் செய்தவனுக்குக் கூலியைக் குறைப்பது அநியாயம். எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த வழக்கை டெல்லியில் நடத்தட்டும், மருமகள்களிடம் நடத்த வேண்டாம். அத்தை மறுபடி கேட்டால் என்னிடம் பேசச் சொல். இன்னொன்று வேண்டும் என்று உனக்கும் மாப்பிள்ளைக்கும் தோன்றினால் பெற்றுக்கொள். நான் வந்து குளிப்பாட்டுகிறேன். வேண்டாம் என்றால் அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குள்ள கவலை வேறு. நீ படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போன வாரம் போயிருந்தேன். உன் காலத்தில் மதில் வரை வரிசை நிற்கும். இப்போது மொத்தம் பதினேழு பேர். அதில் ஆறு பேர் ஒடிசாவிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். காலை உணவுத் திட்டத்தில் அன்றைக்கு ரவை கிச்சடி. அந்த ஆறு பேரில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பாட்டி, குறள் சொல்லட்டுமா?" என்று கேட்டு, 'அகர முதல' என்று தொடங்கி மூன்று குறள் தடங்கல் இல்லாமல் சொன்னாள். உன்னைப் போலவே நிற்கிறாளே என்று உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் மாநிலத்தின் அடுத்த தலைமுறையில் இவளும் உண்டு. இவளை நம் பிள்ளை என்று நினைக்கப் போகிறோமா, அப்பா வேலை முடிந்ததும் போய்விடுகிற விருந்தாளி என்று நினைக்கப் போகிறோமா? என் காலத்துத் திட்டங்களுக்கு இந்தக் கேள்வி வரவில்லை. இனி வருகிற திட்டங்கள் இதைத் தட்டிக் கழிக்க முடியாது.

இன்னொன்று முதுமை. 2031-ல் தமிழ்நாட்டில் நூறு பேரில் 18 பேர் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு கணித்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-லிருந்து வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் மாத்திரையைக் கையில் கொடுக்கலாம். குளிக்க வைக்க யார் இருக்கிறார்கள்? நம் மேலத்தெருப் பாட்டியின் மகன் துபாயில், மகள் பெங்களூரில். குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுவதும் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். பால்காரர் மாலையில் வந்து குரல் கொடுத்ததால்தான் தெரிந்தது.

அன்றிரவு ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். பழைய பழக்கம். தம்பதியர் பதிவேட்டில் போடுவது போலவே வரிசை எண், பெயர், வயது. அடுத்த கட்டத்தில் மட்டும் பிள்ளைகள் எண்ணிக்கைக்குப் பதிலாக, 'தனியாகக் குளிக்க முடியுமா?' என்று எழுதினேன். நம் ஊரில் மட்டும் இதுவரை நாற்பத்து மூன்று பெயர். சுகாதார நிலையத்தில் இப்போது இருக்கும் பெண்ணிடம் காட்டினேன். உன் வயதுதான் இருக்கும். பக்கத்து இரண்டு ஊரையும் அவள் சேர்த்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுதி முடித்ததும் மாவட்ட ஆட்சியரின் மனுநாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் பெயரையும் அந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். 'முடியும்' என்றுதான் போட்டிருக்கிறேன், பயப்படாதே.

நாளைக் காலையில் பாட்டி வீட்டுக் குளியலறைச் சுவரில் கைப்பிடி பதிக்கக் கொத்தனார் வருகிறார். கூட நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உயரம் தெரியாமல் பதித்துவிடுவார். சனிக்கிழமை குட்டியோடு போன் செய். குறள் சொல்லும் அந்தப் பெண்ணைப் பற்றி அவளிடம் சொல்லி வை.

அன்புடன்,
அம்மா