பழைய ஜீப்பைத் தூக்கிக் கட்டும் முன் எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய மஹிந்திரா ஜீப்புகளைப் புதுப்பித்து இமயமலை வரை ஓட்டிச் செல்வோர் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் கொடுத்த இடத்தில் கால்வாசியாவது சஸ்பென்ஷனுக்கு, அதாவது வண்டியைச் சக்கரங்கள்மேல் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளுக்கு, கொடுத்திருக்க வேண்டும். ‘ஆறு அங்குலம் தூக்கிக் கட்டினால் எந்தக் காட்டிலும் ஏறும்’ என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிட்டது. அந்த வரியை நம்பி யாரும் பட்டறைக்குப் போய்விடக் கூடாது.

பேச்சு மஹிந்திராவின் பழைய மாடலான சிஜே3பி ஜீப்பைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே வெறும் 48½ அங்குலம். வண்டி ஒடுங்கலானது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், கணக்குப்படி 43 பாகை பக்கச் சாய்வு வரை அது கவிழாது. அதே மையம் 10 செ.மீ. ஏறினால் 39 பாகைதான். பட்டை அமுங்கி வண்டி சாய்வதால் உண்மையில் அதற்கும் முன்பே கவிழும். கூரைமேல் கேரியர் வைத்து டீசல் கேனும் ஸ்டெப்னியும் ஏற்றுபவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

மலிவாக உயரம் ஏற்ற, பட்டையின் ஒரு முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாகப் போடுகிறார்கள். 5 செ.மீ. கூட்டினால் வண்டி ஏறுவது இரண்டரை செ.மீ. மட்டுமே. முன்பக்கத்தில் இதன் விளைவு மோசம். இந்த ஜீப்பின் முன் பட்டை, இரு முனைகளிலும் உள்ள துளைக்குத் துளை, 36¼ அங்குலம். ஷேக்கிள் அதன் முன்முனையில் இருக்கிறது. அந்த முனை 5 செ.மீ. இறங்கினால் பட்டையும் அதில் கட்டிய ஆக்சிலும் (சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு அச்சு) சுமார் 3 பாகை முன்னோக்கிச் சாயும். சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவான காஸ்டர் கோணம், கம்பெனி கொடுத்ததே 3 பாகைதான். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும், நேர் சாலையில் வண்டி அலையாமல் ஓடுவதும் அந்த மூன்று பாகையால்தான். அது போனபின் எத்தனை தடவை அலைன்மென்ட் பார்த்தாலும் பயனில்லை.

இன்னொரு வழி, ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றிக் கட்டுவது. உயரம் ஒரேயடியாகக் கிடைக்கும். ஆனால் இன்ஜின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் அரை மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம்தான். 15 செ.மீ. தூக்கினால் அதன் கோணம் 15 பாகைக்கு மேல் கூடுகிறது; அதன் முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் அதிர்ந்து அதிர்ந்து தேயும். ஸ்டியரிங்கிலோ, திருப்பும் விசையை மாற்றிக் கொடுக்கும் பெல் கிராங்க் சட்டகத்தில் (சேசிஸில்) நிற்கிறது, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு ஆக்சிலோடு கீழே இறங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானே திரும்பும். ஒரு குறையைச் சரிசெய்ய இன்னொன்றை மாற்ற வேண்டிய நிலை அங்கேதான் தொடங்குகிறது.

சரியான வேலை எடைமேடையில் ஆரம்பிக்கிறது. பயணத்தில் போகும் ஆட்கள், தண்ணீர், எரிபொருள், கருவிகள் எல்லாவற்றையும் ஏற்றி, முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு எடை எடுக்க வேண்டும். ஆக்சில், சக்கரம், பிரேக் டிரம் ஆகியவற்றின் எடையைக் கழித்து இரண்டால் வகுத்தால் ஒரு பட்டைக்கட்டு சுமப்பது எவ்வளவு என்று தெரியும். பின்பக்கம் அது 400 கிலோ என்று வையுங்கள். 42 அங்குல நீளம், 1¾ அங்குல அகலம், 6 மி.மீ. கனத்தில் ஒன்பது பட்டை கட்டினால் ஒரு மி.மீ. அமுங்க ஏறத்தாழ 4 கிலோ பிடிக்கும். 400 கிலோவுக்கு 10 செ.மீ. அமுங்கும். முழுச் சுமையில் பட்டை ஏறக்குறைய நேராக, சிறு வளைவோடு நிற்கும்படி அந்த 10 செ.மீ.யைச் சுமையில்லாத பட்டையின் வளைவில் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இந்தப் பட்டைக்கட்டுக்குள் லாரிப் பட்டை ஒன்றைச் சொருகுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணம். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் (6×6×6, 8×8×8 என்ற கணக்கில்) ஏறுகிறது. ஆகவே 8 மி.மீ. பட்டை ஒன்று, 6 மி.மீ. பட்டை இரண்டுக்கும் மேல் சமம். அதே வளைவுக்கு அது தாங்கும் தகைவும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எனவே முதலில் ஒடிவதும் அதுதான். சுமை மாறிமாறி வரும் வண்டிக்கு, அடியில் இடைவெளி விட்டு ஹெல்பர் பட்டை வைப்பது நல்லது. சுமை ஏறிய பிறகே அது வேலைக்கு வரும்.

தொய்ந்த பட்டையைக் கேஸ் டார்ச்சில் சுட்டு, சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பதம் போய்விடும், சில மாதங்களில் மறுபடி தொய்யும். சுத்தியல் தழும்பு விழுந்த இடத்தில் விரிசல் ஓடும். ஈ.என். 45 போன்ற சிலிக்கான் மாங்கனீசு எஃகில் புதிதாகச் செய்து, 900 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி எண்ணெயில் முக்கி, 450 முதல் 500 பாகையில் பதம் இறக்கித் தரச் சொல்லுங்கள். எஃகின் கடினத்தை அளக்கும் பிரினெல் எண் 388 முதல் 461-க்குள் இருக்கிறதா என்று சோதித்து வாங்குங்கள். பட்டையில் வெல்டிங் கூடவே கூடாது.

மாட்டும்போது, பட்டைக்கட்டை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் புதிதாக இருக்கட்டும். பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட் ஒடிந்தால் பலரும் அதைக் குறை சொல்கிறார்கள். அது பட்டையை இடத்தில் நிறுத்த மட்டுமே. யூ போல்ட் தளர்ந்ததால்தான் அது வெட்டுப்படுகிறது. முதல் 100 கி.மீ.க்குப் பிறகும், 500-க்குப் பிறகும் மறுபடி முறுக்க வேண்டும். ஆக்சில் முழுக்க மேலே ஏறும்போது ஷாக் அப்சார்பர் அடிமுட்டும் முன் ரப்பர் ஸ்டாப் தாங்க வேண்டும். முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஜாக்கி போட்டு இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சட்டம் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிகளின்படி, சட்டகம், பாடி, இன்ஜின் மாற்றப்படாதவையே எண் பலகையில் ‘விஏ’ எழுத்துடன் பதிவாகும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். நெடும்பயணத்துக்கு அது உதவாது. எந்தப் பதிவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் சட்டகத்தில் வெட்டோ வெல்டிங்கோ இல்லாமல், பழைய பிராக்கெட்டிலேயே பொருந்தும்படி பட்டையைச் செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஜீப் பட்டறைக்காரர் ஒருவர்,
கோயம்புத்தூர்