ராணி எண்ணிய இரண்டு அடிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஆர்தர் கதை விளையாட்டின் பத்தாம் அத்தியாயத்தில் பிழை இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டமாக எழுதியவர்களில் நானும் ஒருத்தி. "வாள் பாலத்தை வெறுங்கையால் கடந்து வந்தவளை ஆர்தரின் மனைவி கினிவியர் ராணி ஏன் ஏறெடுத்தும் பார்க்க மறுக்கிறாள்? கணக்கு எங்கோ தப்பியிருக்கிறது, சரிபாருங்கள்" என்று கேட்டிருந்தேன். நீங்கள் எழுதிய பதில் இரண்டே வாக்கியம். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள்."

அதைப் படித்ததும் என் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் இன்று அந்தப் பதிலின் பக்கம் நின்று உங்களிடமே வழக்காட வந்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் வண்டிக் காட்சியின் தெரிவுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி போடப்போவதாகவும், தயங்கியவர்கள் பிறகு ஒரு சீப்பைப் பரிசாகக் கொடுத்தால் ராணி மனம் இளகிவிடுவாள் என்று மாற்றப்போவதாகவும் அறிவித்திருக்கிறீர்கள். ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

விளையாடாதவர்கள் கண்ணிலும் இந்தக் கடிதம் படலாம் என்பதால் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். மெலியகன்ட் என்ற எதிரி ராணியைக் கவர்ந்து போய்விட்டான். துரத்திப் போன நம் வீரரின் குதிரை செத்து விழுந்துவிட்டது. எதிரே ஒரு குள்ளன் வண்டி ஓட்டி வருகிறான். ஏறினால் ராணி என்ன ஆனாள் என்பது நாளைக்குள் தெரியும் என்கிறான். ஆனால் அது திருடனையும் கொலைகாரனையும் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுகிற வண்டி. ஏறியவனுக்கு அதன் பிறகு மானமும் இல்லை, சபையில் இடமும் இல்லை. திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, "ஏறுகிறேன்". மற்றொன்று, "ஏறுகிறேன், ஆனால் ஒரு கணம் பொறுத்து". நான் இரண்டாவதை அழுத்தினேன். ஏறத்தான் போகிறேன், ஒரு கணத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன்.

இதை நீங்கள் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெத்தியேன் த த்ருவா பிரெஞ்சுக் கவிதையில் எழுதியது இதுதான். அங்கே ராணியைக் காதலிக்கும் வீரன் லான்சலாட் தயங்குவது இரண்டு அடி தூரம். பகுத்தறிவு ஏறாதே என்கிறது, காதல் ஏறு என்கிறது, இந்த வாக்குவாதம் முடிவதற்குள் வண்டி இரண்டு அடி நகர்ந்துவிடுகிறது. பிறகு குதித்து ஏறிவிடுகிறான். கூட வந்த இன்னொரு வீரன் கவெய்னோ குதிரையை விட்டு வண்டியில் ஏறுவது மடத்தனம் என்று சொல்லி, கௌரவமாகக் குதிரையிலேயே பின்தொடர்கிறான்.

நம் அகப்பாடல்களின் மடலேறுதல் உங்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும். பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊர் சிரிக்கத் தெருவில் வருகிற தலைவன். அவனுக்கும் வெட்கத்தைத் தெருவில் போடுவதுதான் காதலுக்குக் கொடுக்கும் விலை. ஆனால் பெரும்பாலான பாடல்களில் அவன் ஏறுவதில்லை; ஏறிவிடுவேன் என்று தோழியை மிரட்டுவதோடு சரி. லான்சலாட்டுக்கு மிரட்டிப் பார்க்க நேரமில்லை. வண்டி போய்க்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் பெரிய காரியங்கள். வாளின் கூர்மேல் கையும் காலும் கிழியத் தவழ்ந்து ஆற்றைக் கடக்கிறான். அந்தக் காயங்களோடு மெலியகன்ட்டிடம் சண்டை போடுகிறான். ராணி முன்னால் வந்து நின்றால், அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளறைக்குப் போய்விடுகிறாள். காரணம் அவனுக்குத் தெரியாது. பிற்பாடு அவளே சொல்கிறாள்: வண்டியில் ஏற நீ இரண்டு அடி தாமதித்தாய்.

உங்கள் பத்தாம் அத்தியாயத்தில் அவள் உள்ளே போவதற்கு முன் கையுறையைக் கழற்றுகிறாள். விரல் விரலாக, ஐந்து விரலுக்கு ஐந்து வரி. ஒவ்வொரு வரிக்கும் கீழே "தொடர்க" என்ற ஒற்றைப் பொத்தான். வேறு தெரிவே கிடையாது. மன்னிப்புக் கேட்கலாமா, பாலத்தைப் பற்றிச் சொல்லலாமா, காயத்தைக் காட்டலாமா என்று திரை முழுக்கத் தேடினேன். ஐந்து முறை அழுத்திய பிறகு கதவு சாத்தப்பட்டது. இத்தனைக்கும் முந்தின அத்தியாயத்தில்தான் என் பெயரை முதல் முறையாக ஒருவர் உச்சரித்திருந்தார், அதுவும் அவள். தொடக்கத்திலேயே பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன், ஒன்பதாவது அத்தியாயம் வரை எல்லோரும் "வண்டிக்காரன்" என்றே அழைத்தார்கள். (கிரெத்தியேனும் கதையின் பாதிவரை அவன் பெயரைச் சொல்வதில்லை, ராணியின் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது. அங்கிருந்து எடுத்தீர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.) பெயர் சொல்லி அழைத்தவள் அடுத்த அத்தியாயத்தில் கையுறையைக் கழற்றுகிறாள் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ரசிகர்களின் வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் நல்லது செய்தவரை ஒரு கணத் தயக்கத்துக்காகத் தண்டிப்பது கொடுமை என்கிறார்கள். கொடுமைதான். கிரெத்தியேனின் ராணிக்கே பிறகு அது தெரிகிறது. அவன் இறந்துவிட்டான் என்று பொய்ச் செய்தி வந்ததும், தன் கொடுமைதான் அவனைக் கொன்றது என்று நொந்து சோறு தண்ணீரை விட்டுவிடுகிறாள். அவள் செய்தது சரி என்று அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை. நியாயஸ்தலம் நடத்தவா அவளைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள்? அவள் காதலிக்கிறவள், காதலிக்கிறவர்களுக்குத் தராசு கிடையாது. கவெய்ன் ஏறவே இல்லை, ஆனால் அவன்மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அவனிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. யாரிடம் எதிர்பார்த்தாளோ அவனுடைய அடிகளைத்தான் எண்ணினாள்.

காதல் விளையாட்டுகளில் எனக்குச் சலிப்புத் தட்டுவது இந்தத் தராசினால்தான். இனிமையாகப் பேசினால் ஐந்து புள்ளி, பூ கொடுத்தால் பத்து, சண்டையில் காப்பாற்றினால் இருபது, அறுபது சேர்ந்தால் முத்தம். இதற்குப் பெயர் வங்கிக் கணக்கு. வாள் பாலம் ஐம்பது புள்ளி பெற வேண்டிய காரியம். அந்தக் கணக்கில் இரண்டு அடிக்குக் கழிக்க ஒன்றோ இரண்டோ. ராணியின் கணக்கு வேறு என்று உங்கள் விளையாட்டில்தான் முதலில் கண்டேன். நீங்கள் சேர்க்கப்போகும் சீப்பு அவளையும் அதே வங்கிக்குள் இழுத்துவிடும். (கிரெத்தியேனிடமும் சீப்பு உண்டு. வழியில் அவளுடைய சீப்பும் அதில் ஒட்டிய தலைமுடியும் கிடைக்க, லான்சலாட் முடியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சீப்பைக் கொடுத்துவிடுகிறான். அவன் அறிந்தது இவ்வளவு, நாமோ சீப்பைக் கொடுத்து மன்னிப்பு வாங்கப் பார்க்கிறோம்.)

உங்கள் தொழில் சிரமம் புரியாமல் பேசவில்லை. பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி திறந்து ஒன்றையும் சேர்க்காமல் விட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். ஒரு மனுஷரால் ஆகாது. அதனால் கிளைகளைப் பிரித்து, இரண்டு பக்கம் கழித்து மறுபடி ஒன்றாக்கி, நடந்ததை ஓர் எண்ணாக மட்டும் ஓரத்தில் குறித்துவைக்கிறீர்கள். அந்த எண்ணைக் கதை மறந்துவிட்டால் நம் தெரிவுக்கு மதிப்பே இல்லை. உடனே நினைவுபடுத்தினால் பரீட்சைத்தாள் மாதிரி ஆகிவிடும். ஆறு அத்தியாயம் வாய் திறக்காமல் வைத்திருந்து, ஒரு பெண்ணின் கையுறை வழியாக வெளியே விட்டீர்கள். எச்சரிக்கைக் குறி போட்டால் என்ன நடக்கும்? எல்லோரும் உடனே ஏறிவிடுவார்கள். யாரும் தயங்கவே மாட்டார்கள். நான் திரும்பிப் போய் அப்படி ஏறியும் பார்த்துவிட்டேன். சேமித்த இடத்துக்குப் போய், முதல் பொத்தானை அழுத்தி, வேகவேகமாகப் பத்தாம் அத்தியாயம் வந்தால் ராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. விடை தெரிந்தபின் எழுதிய பரீட்சைக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

இரண்டு அடியை எடுத்துவிட்டால் கதை எப்படி ஆகும் என்பதற்கு முன்மாதிரியே இருக்கிறது. 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட, ஆங்கிலேயர் மாலரி எழுதிய ஆர்தர் கதை நூலிலும் வண்டி வருகிறது. அங்கே வில்லாளிகள் குதிரையைக் கொன்றுவிடுகிறார்கள், கவசத்தோடு நடக்க முடியாமல் லான்சலாட் அவ்வழியே வந்த ஒரு வண்டியைக் கேட்கிறான். மறுத்த வண்டிக்காரனை ஒரே அடியில் கொன்றுவிட்டு, மிரண்டுபோன மற்றவனை ஓட்டச் சொல்கிறான். தயக்கமும் இல்லை, ராணிக்கு அதனால் கோபமும் இல்லை. மாலரிமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, கடைசிப் போரை அவரைப்போல யாரும் எழுதவில்லை. ஆனால் அவருடைய வண்டி ஒரு வாகனம், அவ்வளவுதான்.

ராணிக்கு எப்படித் தெரிந்தது என்ற சர்ச்சை வேறு ஓடுகிறது. குள்ளன் சொன்னான் என்பது ஒரு கட்சி, கதையில் ஓட்டை என்பது இன்னொரு கட்சி. "குள்ளன் சொன்னதாக ஒரு வரி சேர்க்கிறேன்" என்று நீங்களும் இறங்கி வந்திருக்கிறீர்கள். வேண்டாம். கிரெத்தியேன் அதை விளக்கவில்லை, எண்ணூறு வருஷத்துக்கு மேலாக யாருக்கும் குடிமுழுகவில்லை. நம் மனதில் இருப்பது நம்மை நேசிக்கிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அதற்கு ஒற்றன் வைக்கத் தேவையில்லை.

இதே ரசிகர்கள்தான் சாபத்தால் அவலட்சணமான ரக்னெலின் அத்தியாயத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பகலில் அழகியாக இருக்கட்டுமா, இரவிலா என்று அவள் கவெய்னைக் கேட்கிற இடம். இரண்டு பொத்தான்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் "உன் விருப்பம்" என்று மூன்றாவதை ஒளித்துவைத்திருந்தீர்கள். அதை அழுத்தியதும் பொத்தான்களே மறைந்து, அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டாள். அங்கே அவளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று கைதட்டியவர்கள், கினிவியர் அதே சுதந்திரத்தோடு கதவைச் சாத்தினால் பிழை என்கிறார்கள். நமக்குச் சாதகமாக இருக்கும்வரை பாத்திரத்தின் சுதந்திரம் நன்றாகத்தான் இருக்கும்.

ஆர்தர் சபையின் கேயைப் பற்றி ஒரு வார்த்தை. அவனுக்கும் காதல் பாதை வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் உண்டு, மறைக்கவில்லை. வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் ஒன்பது நாள் தண்ணீருக்கடியில் மூச்சடக்கக்கூடிய மாவீரன், பிரெஞ்சுக்காரர்கள் கையில் வாய்த்துடுக்கு மட்டும் மிஞ்சிய அரண்மனை அதிகாரியாகச் சுருங்கிப்போனான். அந்தத் துடுக்கை விட்டுவிடாதீர்கள். "உள்ளே அவன் நல்லவன்" என்று காட்ட அழவைக்கப்போகிறீர்கள் என்றால், பாதையே வேண்டாம்.

ரசிகர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள் என்று இவ்வளவு எழுதிவிட்டு நானே ஒன்று கேட்கப்போகிறேன். கிரெத்தியேனுக்கே கதைப் பொருளைக் கொடுத்தது ஷாம்பெய்னின் மரி சீமாட்டிதான். அதை அவரே முகப்பில் சொல்கிறார். கடைசிப் பகுதியை வேறொருவர் கையில் விட்டுவிட்டும் போனார். ஆக, கேட்பதற்கு எனக்கும் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். கலெஹோவைக் கொண்டுவாருங்கள். லான்சலாட்டின் மகன் கலஹாட் இல்லை, கலெஹோ. பதின்மூன்றாம் நூற்றாண்டு உரைநடைக் கதையில், ஆர்தரை வென்றே விட்ட நிலையில் லான்சலாட் கேட்டான் என்ற ஒரே காரணத்துக்காகச் சரணடைகிறவன். ராணிக்கும் லான்சலாட்டுக்கும் முதல் முத்தத்தை வாய்க்கவைத்துவிட்டு, லான்சலாட் செத்தான் என்ற பொய்ச் செய்தி கேட்டுத் துயரத்திலேயே இறந்துபோகிறவன். அவனுக்குப் பாதை எழுதினால் அதில் வெற்றி முடிவு வைக்காதீர்கள். புகார் எழுத மாட்டேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்கிறேன்; கொடுத்த வாக்கை எத்தனை நாள் காப்பாற்றுவேன் என்பது வேறு விஷயம்.

அன்புடன்,
நான்காம் அத்தியாயத்தில் நின்ற வாசகி

பின்குறிப்பு: இது உண்மையான பிழை. குள்ளனின் வண்டிக்கு நான்காம் அத்தியாயத்தில் இரண்டு சக்கரம். பதினொன்றாம் அத்தியாயத்தில் ராணி கோபத்தோடு சொல்லும்போது நான்கு சக்கரம். திருத்திவிடுங்கள். அடிகளை எண்ணியவள் சக்கரத்தில் தப்ப மாட்டாள்.