பெட்டிக்குள் திரும்பிப் போன 78 சீட்டுகள்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்து மாதம் காத்திருந்து வாங்கிய டாரட் கட்டு, குறி பார்க்கும் அந்தப் படச் சீட்டுக்கட்டு, திறந்த பத்தாவது நிமிடத்தில் பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை, கொடுத்துவிடவும் மனம் வரவில்லை என்ற வரிக்குப் பிறகு என்னால் மேலே படிக்க முடியவில்லை. அந்த நிலையில் நானும் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறேன். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க விரும்பாததால்தான் இந்தக் கடிதம்.

முதல் வேலையாகச் சீட்டுகளை எண்ணிவிடு. பெரிய சீட்டுகள் 22. கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு இனங்களில் தலா 14. மொத்தம் 78 இருக்க வேண்டும். விளம்பரமோ வெற்றுச் சீட்டோ ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் அவற்றைக் கணக்கில் சேர்க்காதே. ஒன்று குறைந்தாலும், ஒன்று இரண்டு முறை வந்திருந்தாலும் உடனே விற்றவருக்கு எழுது. அது அச்சகத்தின் பிழை, உன் ரசனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்ணாமல் பெட்டியை மூடிவைத்து, திருப்பித் தரும் கெடு முடிந்த பிறகு குறையைக் கண்டுபிடிப்பவர்கள் பலர்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், அடுத்த கேள்வி: உன்னை ஏமாற்றியது எது? நீ மூன்று குறைகளை ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாய். அட்டை தடிமனாக இருப்பதால் கலைக்க முடியவில்லை. ஓரத்துப் பொன்பூச்சு விரலில் ஒட்டுகிறது. "பாதிச் சீட்டுகளில் படமே இல்லை." முதல் இரண்டும் அட்டையைச் செய்த விதம் பற்றியவை. மூன்றாவது முற்றிலும் வேறு விஷயம். இவற்றைச் சேர்த்தே பார்த்தால் எந்த முடிவும் வராது.

தடிமன், பொன்பூச்சு இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பொன்பூச்சு உதிர்வது சில நாளில் நின்றுவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் நான்கு பக்கமும் துடைத்துவிட்டால் இன்னும் சீக்கிரம். தடித்த அட்டையை வளைத்துக் கலைக்க முயலாதே, நடுவில் மடிப்பு விழும். மேசைமேல் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் வட்டமாகத் துழாவிக் கலை. சிறிய கைகள் உடையவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஓரச் சட்டத்தை வெட்டிச் சிறிதாக்கலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டலாம், நானும் ஒரு கட்டை அப்படி வெட்டியிருக்கிறேன். ஆனால் வெட்டிய கட்டை விற்பது கடினம். வைத்துக்கொள்வது என்று உறுதியான பிறகு, அதுவும் முதலில் அந்தக் கூடுதல் சீட்டில் கை பழகிய பிறகு, கத்தியை எடு.

படம் இல்லாத சீட்டுகளுக்கு வருகிறேன். உன் மனத்தை முறித்தது அதுதான்.

நீ வாங்கியது, பிரெஞ்சு நகரமான மார்செய்யின் பெயரால் அழைக்கப்படும் பழைய மரபில் வந்த கட்டு. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. 21 துருப்புச் சீட்டுகளும் முட்டாள் என்ற சீட்டும் சேர்ந்தவையே இன்று நாம் பெரிய சீட்டுகள், மேஜர் அர்கானா என்று சொல்லும் 22. அவற்றிலும் ராஜா, ராணி முதலான 16 அரசவைச் சீட்டுகளிலும் உருவங்கள் இருந்தன. மீதி 40 எண் சீட்டுகளில், ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள், அவ்வளவுதான். ஆடுகிறவர்களுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சோலா புஸ்கா என்ற கட்டு மட்டும் எண் சீட்டுகளிலும் மனிதர்களை வரைந்தது. அது நெடுங்காலம் விதிவிலக்காகவே நின்றது.

நீயும் நானும் பழகிய கட்டு 1909இல் லண்டனில் வெளியானது. மறைஞான நூல்கள் எழுதிய ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டார். பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அந்த 40 எண் சீட்டுகளுக்கும் ஒவ்வொரு காட்சியைக் கொடுத்தவர் அவர். சோலா புஸ்காவின் புகைப்படங்கள் அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன. மூன்று வாள்கள் ஊடுருவிய இதயம் அங்கிருந்து வந்தது என்பது இரண்டையும் அருகருகே வைத்தாலே தெரியும். கோப்பை ஐந்தை நினைத்துப் பார். கறுப்பு அங்கி போர்த்த ஒருவர் தலை கவிழ்ந்து நிற்கிறார், முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, தூரத்தில் ஆறும் பாலமும். கையேட்டில் பொருள் தேடாமலேயே அந்தச் சீட்டு உன்னிடம் பேசிவிடும். உன் புதிய கட்டிலோ நான்கு மூலைகளில் நான்கு கோப்பை, நடுவில் ஒன்று, சுற்றிலும் கொடி. பேசிப் பழகியவர் திடீரென்று வாயை மூடிக்கொண்டதுபோல் உனக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

விற்றவர்மீது எனக்கு வருத்தம் உண்டு. விளம்பரத்தில் அந்த 22 சீட்டுகளை மட்டும் காட்டி, எண் சீட்டுகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. நீ கவனக்குறைவாக இருந்ததாக உன்னையே திட்டிக்கொள்ளாதே. இனிமேல் எதை வாங்குவதற்கு முன்னும் இரண்டு மூன்று எண் சீட்டுகளைக் காட்டச் சொல்லிக் கேள். நான் கோப்பை ஐந்தைப் பார்க்காமல் எந்தக் கட்டும் வாங்குவதில்லை.

கொடுப்பதா வைப்பதா என்று இன்றே முடிவு செய்ய வேண்டாம் என்பது என் விருப்பம். இரண்டு வாரம் கொடு. உனக்கு ஏமாற்றம் தந்தது ஒரு புதிய மொழியாகவும் இருக்கலாம், மோசமான கட்டாகவும் இருக்கலாம். தொட்டுப் பழகாமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. முதல் வாரம் 22 பெரிய சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொள். பழைய கையேட்டை அருகில் வைக்காதே, குழப்பிவிடும். மார்செய் வரிசையில் நீதி என்ற சீட்டு எட்டாவது, வலிமை என்ற சீட்டு பதினொன்றாவது. வெயிட் இரண்டையும் இடம் மாற்றினார். மரணம் என்று நீ தேடும் 13ஆம் சீட்டில் பெயரே எழுதியிருக்காது. அந்தப் பெயரின்மையே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இரண்டாம் வாரம் எண் சீட்டுகள். இனத்தையும் எண்ணையும் கூட்டிப் படி. கோப்பை உணர்ச்சி, வாள் சிந்தனையும் சச்சரவும், கோல் செயல், நாணயம் பொருளும் உடலும். ஒன்று தொடக்கம், இரண்டு இணையோ எதிரோ, நான்கு நிலைத்தது, ஐந்து அதைக் குலைப்பது. அதன்பிறகு சீட்டையே உற்றுப் பார். நான்கு மூலையிலும் நான்கு கோப்பைகள் ஒழுங்காக நிற்க, நடுவில் ஐந்தாவது ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது அல்லவா? அது விருந்தாளியா, அத்துமீறியவரா? வாள் சீட்டுகளை வரிசையாக அடுக்கு. இரண்டு, நான்கு, ஆறு, எட்டில் வளைந்த வாள்களுக்கு நடுவே பூ இருக்கும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதில் பூ இருந்த இடத்தில் ஒரு வாள் நிமிர்ந்து நிற்கும். இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காட்சி இல்லாத சீட்டு என்று நான் ஒதுக்கியவை எனக்குள்ளிருந்து காட்சிகளை எடுக்கத் தொடங்கின.

உனக்கும் அப்படி நடக்க வேண்டும் என்று இல்லை. இரண்டு வாரம் முடிந்தும் பெட்டியைத் திறக்கக் கை தயங்கினால், அதோடு விட்டுவிடு. மூன்றாவது வாரத்துக்கு நீட்டாதே. பிடிக்காததைப் பிடிக்க வைப்பதற்காக எவரும் சீட்டு வாங்குவதில்லை.

என் கதையையும் சொல்கிறேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளிக் கோடுகளால் வரைந்த ஒரு கட்டை நான் வாங்கியிருந்தேன். திரையில் அழகாக இருந்தது. கையில் வந்ததும் கோப்பைக்கும் நாணயத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு இருட்டு. விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் அதை அலமாரியில் வைத்திருந்தேன். கொடுத்த பணத்தை நினைத்து வைத்திருந்தேன். ஓவியரின் உழைப்பை மதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஆறு ஆண்டுகளில் அதை நான்கு முறைகூட எடுத்திருக்க மாட்டேன். கடைசியில் சித்திரம் பயிலும் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். அவள் சீட்டுப் பார்ப்பவள் அல்ல, அந்தக் கோடுகளுக்காகவே கேட்டு வாங்கினாள். ஒரு வாரத்தில் எல்லாச் சீட்டுகளையும் சுவரில் ஒட்டிப் படம் அனுப்பினாள். அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: ஓவியரை ஆறு ஆண்டுகள் இருட்டில் பூட்டி வைத்திருந்தவள் நான்தான். பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. வைத்திருந்தால் அது திரும்பி வரப்போவதில்லை.

உன் தயக்கத்தில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. சீட்டை விற்றால் கெடுதல் வரும், அதை ஒருவர் பரிசாகத் தந்தால்தான் பலிக்கும் என்றெல்லாம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர், டாரட் பழைய எகிப்தின் ஞானநூல் என்று எழுதினார். சான்று எதுவும் காட்டவில்லை. அந்தக் கதை பரவிய பிறகுதான் இந்தச் சீட்டுகளைச் சுற்றி மர்மப் புகை சூழத் தொடங்கியது. அதற்கு முன் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் இவற்றை வாங்கினார்கள், ஆடினார்கள், கிழிந்ததும் வேறு வாங்கினார்கள். பயத்தினால் எதையும் வைத்துக்கொள்ளாதே. மனம் கேட்காவிட்டால், அனுப்பும் முன் ஒரு நிமிடம் கையில் வைத்து நன்றி சொல்லிவிடு. அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு.

கொடுப்பது என்றால் யாருக்கு? இப்போதுதான் சீட்டுப் பார்க்கக் கற்கத் தொடங்கும் உன் தோழிக்கு வேண்டாம். உனக்கு நேர்ந்ததே அவளுக்கும் நேரும், முதல் கட்டிலேயே சலித்து விலகிவிடுவாள். மார்செய் மரபைத் தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் உன்னிடம் உள்ளதைக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். சீட்டாட்டப் பிரியர்களையும் மறக்காதே. பிரான்சில் இன்றும் 78 சீட்டுகளோடு டாரட் ஆடுகிறார்கள், உன் கட்டை வைத்தும் ஆடலாம். விற்பதாக இருந்தால் எண் சீட்டுகளின் படத்தை முதலில் போடு; தடிமனையும் பொன்பூச்சையும் மறைக்காமல் எழுது. உன்னிடமிருந்து வாங்குபவர் பெட்டியைத் திறக்கும்போது முகம் சுருங்கக் கூடாது.

கடைசியாக, இதற்கு ஈடாக ஸ்மித்தின் கட்டை மிக மலிவாகத் தருகிறார்கள், வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தில் பதிப்பகத்தின் பெயர் எங்கும் இல்லை. கையேட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் ஒரு கட்டம் மட்டும். கோடுகள் மங்கியிருக்கின்றன. எனக்கு அது திருட்டுப் பதிப்பாகத்தான் தெரிகிறது. ஸ்மித்தின் பழைய ஓவியங்கள் பல நாடுகளில் இப்போது பொதுச்சொத்து என்று நீ சொல்லலாம். ஆனால் இப்படி அச்சிடுபவர்கள் இன்று உயிரோடு இருக்கும் ஓவியர்களின் கட்டுகளையும் இதே வகையில்தான் நகலெடுக்கிறார்கள். ஸ்மித் அந்த வேலையை முடித்த 1909ஆம் ஆண்டிலேயே, மிகப் பெரிய வேலைக்கு மிகச் சொற்பப் பணம் கிடைத்தது என்று புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்சுக்கு எழுதினார். 1951இல் வறுமையில் இறந்தார். நெடுங்காலம் அந்தக் கட்டு பதிப்பாளர் பெயராலும் வெயிட் பெயராலுமே அழைக்கப்பட்டது. சீட்டுகளின் கீழ்மூலையில் பாம்புபோல் பின்னிய அவருடைய கையொப்பத்தைத் தேடிப் பார். மங்கிய நகலில் முதலில் அழிவது அதுதான்.

சரி, பெட்டியை எடு. இன்று பெரிய சீட்டுகளைத் தனியாகப் பிரித்து வைத்தால் போதும். இரண்டு வாரம் கழித்து, நடுவில் இருக்கும் அந்த ஐந்தாவது கோப்பை உனக்கு யாராகத் தெரிந்தது என்று எழுது. எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் எழுது. மார்செய் கட்டு ஒன்றுக்காகக் காத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும், முகவரி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா