அமெரிக்க மாப்பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பக்கத்தில் 'அமெரிக்க வரன்' என்று வாராவாரம் பார்க்கிறேன். நாங்கள் பட்டதைப் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

2017 தை மாதம் திருப்பரங்குன்றத்தில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிரீன் கார்டுக்காரர்; அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டு, குடியுரிமை கிடையாது. "தாலி ஏறினதும் மூணே மாசம், பொண்ணு பறந்துடும்" என்றார் தரகர். அதற்குமேல் நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் விமானம் ஏறியது 2019 புரட்டாசியில். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டு வேட்டி, மடிப்புக் கலையாமல் பீரோவிலேயே கிடந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அமெரிக்க மாப்பிள்ளை எல்லோரும் ஒன்றல்ல. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் மனைவிக்கு மனுப் போட்டால் 'வருஷத்துக்கு இத்தனை பேர்தான்' என்ற ஒதுக்கீட்டு வரிசை கிடையாது. காகித வேலைக்கு ஆகும் காலம்தான். கிரீன் கார்டுக்காரரின் மனைவி வரிசையில் காத்திருக்க வேண்டும். எங்கள் மாப்பிள்ளை நடுவில் குடியுரிமை வாங்கியதால்தான் அந்த மட்டில் முடிந்தது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் மனைவியை, குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் சீக்கிரமே அழைத்துக்கொள்ளலாம். ஆனால் போனவுடன் அவள் வேலைக்குப் போக முடியாது. கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டிய பிறகே அதற்கு அனுமதி கேட்கலாம். பெண்ணைப் பி.இ. படிக்க வைத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சம்மதம் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். என் மகள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பாஸ்போர்ட்டில் அதற்கு இசட், எச் என்று இரண்டு எழுத்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணச் சான்றிதழில் ஒரே ஒரு எல். போதாததற்கு இதில் இனிஷியல், அதில் அப்பா பெயர் முழுசாக. நான் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அந்த ஓர் எழுத்தைத் திருத்த நான்கு மாதம் அலைந்தேன். பிறப்புச் சான்றிதழிலோ 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. மாநகராட்சியில் எழுதிக்கொடுத்துப் பெயரைச் சேர்த்தோம். கல்யாணத்தைப் பதியும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கோயில் ரசீது மட்டும் போதாது.

கல்யாணமாகி 2 வருஷம் முடியுமுன், கணவர் போட்ட கிரீன் கார்டு மனுவின் பேரில் அங்கே போய் இறங்கும் பெண்ணுக்கு 2 வருஷக் கிரீன் கார்டுதான் தருவார்கள். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கார்டை நிரந்தரமாக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மிரட்டி அடிக்கிற கணவனுக்குப் பெண் பயப்பட வேண்டியதில்லை. அவன் கையெழுத்து இல்லாமல் தானே மனுச் செய்ய அங்கே சட்டத்தில் வழியிருக்கிறது. இதை மகளின் காதில் போட்டு அனுப்புங்கள்.

எங்கள் தெருவில் அடுத்த மாதம் ஒரு பெண்ணுக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளையின் குடியுரிமைச் சான்றிதழ் நகலைக் கேட்கச் சொன்னேன். "தப்பா நினைப்பாங்களே டீச்சர்" என்று தயங்குகிறார் பெண்ணின் அம்மா. நானே கூட வந்து கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருநகர், மதுரை.