வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய புதுச்சேரிக் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். அந்தக் கால்களை ஏழு மலை ஏற்றி, பத்திரமாக இறக்கிவிட்டவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, நெல்லித்தோப்பில் செருப்பு தைக்கும் அண்ணனுக்கு. பரணில் மூன்று நான்கு வருஷம் கிடந்த ஷூ பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும்; கடற்கரை ஈரத்தில் பி.யூ. (பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்) சோல் உள்ளுக்குள் நைந்திருக்கும், பாதி மலையில் வாயைப் பிளந்துவிடும். அண்ணன் ஒவ்வொரு சோலையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, புதுப் பசை காய்ந்தபின் சுற்றிலும் நைலான் நூலால் தைத்தார். பொடியாக உதிர்ந்த இரண்டு ஜோடியை மட்டும் "இதுல தையல் நிக்காதுப்பா, வேற வாங்கிக்கோ" என்று திருப்பித் தந்துவிட்டார். கூலியை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த வார்த்தை பெரிது.

அடுத்து, பிசியோதெரபிஸ்ட் அக்கா. மூச்சு வாங்குவது ஏறும்போது. முட்டி போவது இறங்கும்போது. ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்க வேண்டும், சமதளத்தில் நடந்து அது பழகாது. மாடிப்படியின் கடைசிப் படியில் ஒற்றைக்காலில் நின்று, மூன்று எண்ணும்வரை மெதுவாக மறுகாலை இறக்கு. காலுக்குப் பதினைந்து, மூன்று சுற்று, ஆறு வாரம் என்றார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கிப் பார்த்ததும் அவர் யோசனைதான். உயரம் சுமார் 800 அடி. நமக்குப் பக்கத்தில் அதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை.

ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துச் சின்ன பாட்டிலில் கலக்காதீர்கள், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்று அதட்டிய மருந்துக் கடைக்காரருக்கும் நன்றி. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் சரிப்படாது.

பூண்டி அடிவாரத்தில் பையைத் துழாவி பிளாஸ்டிக்கை எடுத்துவைத்த வனத்துறை ஊழியர்களே, அப்போது முணுமுணுத்ததற்கு மன்னியுங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கையைக் கேட்டு இருவர் அடிவாரத்திலேயே தங்கினார்கள். அவர்களுக்கும் நன்றி, ஏறுவதைவிடக் கடினமான முடிவு அது.

நெஞ்சளவு உயரம் பார்த்து மூங்கில் கம்பு எடுத்துத் தந்த அம்மாவுக்கு: இறக்கத்தில் கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்று, பிறகு காலை வை என்று நீங்கள் சொன்னபடிதான் எல்லோரும் இறங்கினோம். கம்புகளை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒன்று மட்டும் குறையும். அது இப்போது முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

நன்றியுடன்,
மலையேற்றக் குழுவினர், புதுச்சேரி