மேஜர் சரவணன் நினைவைப் பள்ளி மாணவரிடம் கொண்டு செல்லக் கோரிக்கை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: கார்கில் வெற்றி தினத்தில் மேஜர் சரவணனின் வரலாற்றைப் பள்ளிகளில் சொல்ல ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணனுக்கு நம் ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போய்வரும் பிள்ளைகளிடம் கேட்டால், "கார்கில்ல இறந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்பது தெரியவில்லை.

1972இல் இராமேஸ்வரத்தில் பிறந்தவர் அவர். கார்கில் போரின்போது, 1999 மே 29 விடியற்காலையில், பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கு மேலான ஜூபர் மலையில் பதுங்கியிருந்த எதிரிகளை விரட்ட, தன் வீரர்களோடு ஏறினார். மேலேயிருந்து குண்டுமழை; ஒதுங்க மறைவிடம் அரிது. ராக்கெட் லாஞ்சரால் பதுங்குகுழியைத் தாக்கி எதிரிகள் இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல் பாய்ந்து காயம் பட்டும் பின்வாங்கவில்லை. தொடர்ந்து போரிட்டவரின் தலையில் தோட்டா பாய்ந்தது. வயது 26தான்.

அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. ஜூலையில் அதே பட்டாலியன் அந்த மலையை மீட்ட பிறகுதான் முடிந்தது. அதுவரை அந்தக் குடும்பம் எப்படித்தான் காத்திருந்ததோ! மறைவுக்குப் பின் அவருக்குப் போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கத்தைச் சொல்லும் நாம் இந்தக் காத்திருப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அவர் நினைவு நாளான மே 29 கோடை விடுமுறையில் வருகிறது. அன்று மலர்வளையம் வைத்தாலும் பார்க்க மாணவர்கள் இருப்பதில்லை. கார்கில் வெற்றி தினமான ஜூலை 26 சமயத்தில் பள்ளிகள் நடக்கின்றன. அன்று ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் முந்தைய வேலைநாளில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஆண்டுதோறும் அன்றைய காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவர் வாழ்க்கையைத் தமிழில் வாசிக்கவும், அருகிலுள்ள பள்ளிகளின் என்சிசி மாணவர்களை நினைவுச் சின்னத்துக்கு அழைத்துச் செல்லவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, கார்கிலில் பணியாற்றிய நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைப் பேச வைத்தால் இன்னும் நல்லது. பெரிய செலவு எதுவும் ஆகாது. வாசிப்பதற்கான இரண்டு பக்கக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன். முன்னாள் ராணுவத்தினர் சரிபார்த்தால் போதும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)