இரண்டு மணிக்கு வரும் பருந்துகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

அம்மு கையால் எழுதி அனுப்பிய உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மூன்று மாதமாக ஒரு வரி இல்லையே என்று நீ வருத்தப்பட்டது நியாயம்தான். நைட் டியூட்டி முடிந்து வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹீட்டர் அதிகம் போடுவதில்லை, இரண்டு போர்வையே போதும். நீ கொடுத்த ரசப்பொடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டில் செம்மறி வளர்க்கும் பெரியவர் தன் வண்டியில் என்னை இங்கே வேல்ஸில் இருக்கும் ரயாடர் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். அந்த ஊரை ஒட்டி கிக்ரின் என்று ஒரு பண்ணை. குளிர்காலத்தில் மதியம் 2 மணிக்கு அங்கே பருந்துகளுக்கு மாட்டிறைச்சி போடுகிறார்கள். ஒரு மணிக்கே மரங்களிலும் வானத்திலும் நூற்றுக்கணக்கில் வந்து காத்திருக்கின்றன, அம்மா. நாங்கள் மரக் குடிசைக்குள் உட்கார்ந்து பார்த்தோம். டிராக்டர் வந்து இறைச்சியைப் புல்லில் இறைத்துவிட்டுப் போனதும் முதலில் காக்கைகள்தான் இறங்கின. பருந்துகள் தரையில் உட்காரவே இல்லை. சிவந்த பிளவுவாலை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டு சர்ரென்று இறங்கி, காலால் ஒரு துண்டைக் கவ்வி, மேலே போய்ப் பறந்தபடியே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து கொத்தித் தின்கின்றன. இறக்கையை விரித்தால் என் உயரத்துக்கு இருக்கும், எடையோ ஒரு கிலோதானாம். 1930களில் இந்த வேல்ஸ் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடிகள்தான் மிச்சம் இருந்தனவாம். பெரியவர் அவர்கள் மொழியில் ‘பார்கித்’ என்றார். நான் ‘பருந்து’ என்றேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம்.

அப்போதுதான் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் அத்தனை படியும் என்னை இழுத்துக்கொண்டு ஏறி, உச்சிவெயிலில் பாறையில் உட்கார வைத்து, “காசியில குளிச்சிட்டு வருதுடா” என்று சொல்லுமே. இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து இறங்கி, பண்டாரம் வைத்த சர்க்கரைப் பொங்கலை மஞ்சள் மூக்கால் கொத்தும். எனக்கு அந்த மூக்கும் பொங்கல் வாசனையும் அப்படியே இருக்கின்றன. இப்போது அங்கே கழுகே வருவதில்லை என்று நினைத்ததும் தாங்க முடியவில்லை அம்மா, குளிரில் கண்ணில் நீர் வருகிறது என்று பெரியவரிடம் சொன்னேன்.

நம் மாடு லட்சுமிக்குக் கால் வீக்கம் என்று எழுதியிருந்தாயே, ஊசி போட வந்தால் டைக்ளோஃபெனாக் வேண்டாம், மெலாக்சிகாம் போடச் சொல். டைக்ளோஃபெனாக் ஏறிய மாடு செத்து, அதைத் தின்றுதான் நாடு முழுக்கக் கழுகுகள் அழிந்தன. 2006லேயே மாட்டுக்குப் போடத் தடை வந்துவிட்டது. அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்.

அப்புறம் வளையல் விஷயம். இந்த மாதம் வட்டி மட்டும் கட்டிவிடு, மீட்பதைப் பங்குனிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பாப்பாவுக்குத் தையில் காது குத்த வேண்டாம் என்று அக்காவிடம் சொல், எனக்கு லீவு கிடையாது. மாமா நானிருக்க வேறு யார் மடியிலும் உட்கார வைக்கக் கூடாது. வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்து எழுது. தோடு நான்தான் வாங்குவேன்.

உன் மகன்,
குமார்